பிரேக் மிதித்த கணக்கு

ஒரு பஸ் டிரைவர் நல்ல டிரைவரா இல்லையா என்று பயணிகளைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் "அவரு வண்டின்னா ஏறி உக்காந்ததும் தூங்கிடலாம்" என்பார்கள். அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கான பஸ்களை ஓட்டும் அரசு நிறுவனத்துக்குத் தூக்கத்தை அளக்கத் தெரியாது. அதற்கு எண் வேண்டும். தமிழ்நாட்டில் அந்த எண் நெடுங்காலமாக மூன்று இடங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது: லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை விபத்து, எத்தனை நிமிடம் தாமதம். இப்போது நான்காவதாக ஒரு கருப்புப் பெட்டி வந்திருக்கிறது. வண்டி எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது, எந்த இடத்தில் சடாரென்று பிரேக் அடித்தது என்று எல்லாவற்றையும் எங்கேயோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அப்படி வரும் தரவைப் படித்து டிரைவருக்கு மார்க் போடும் மென்பொருளில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். டிரைவர் உத்தியோகம் எனக்கு அதற்கு முன்பே பழக்கம். என் தாய்மாமா அரசு பஸ் டிரைவர். வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 'பட்டுக்கோட்டை அழகிரி' ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1997-இல் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களிலிருந்து தலைவர்களை எடுத்துவிட்ட பிறகும், ரிட்டயர் ஆகும்வரை "நான் அழகிரில இருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு தேவிகாபுரத்தில் பட்டுத் தறி. ஆக எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலையையும் வேறு யாரோ அளந்துகொண்டே இருந்தார்கள். ஒருவருக்கு இழை, ஒருவருக்கு டீசல்.

*

முதலில் டீசல். எந்த டிப்போவுக்குள் போனாலும் 'கேஎம்பிஎல்' என்ற சொல் காதில் விழும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதன் சுருக்கம். டீசல் சிக்கனத்துக்காகத் தமிழ்நாட்டுக் கழகங்கள் அகில இந்திய அளவில் பலமுறை விருது வாங்கியிருக்கின்றன. இதைச் சிக்கனம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தோம். ஆட்களோடு சேர்த்து ஒரு பஸ் 15 டன் பக்கம் இருக்கும். அதை நின்ற இடத்திலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரச் செலவான சக்தி, பிரேக் மிதித்த நொடியில் சூடாகிக் காற்றோடு போய்விடும். அதனால் குறைவாக பிரேக் மிதிப்பவருக்கு கேஎம்பிஎல் ஏறும். குறைவாக மிதிக்க வேண்டுமென்றால் தூரத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

மாமா சொல்வார்: "பிரேக்கு நல்லா புடிக்கிறவன் டிரைவர் இல்லடா மாப்ள. ஆடு ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கால எடுத்துக்கினு இருக்கான் பாரு, அவன்தான் டிரைவர்."

இந்த அளவில் ஒரு அழகு இருக்கிறது. நிறுவனம் காசுக்காக அளக்கிறது, ஆனால் அளவு ஏற ஏறப் பயணியின் முதுகுக்கும் நல்லது. ஒரு ஓட்டையும் இருக்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் ஜவ்வாதுமலைப் பாதை மாதிரி இடத்தில், இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளி உருளவிட்டால் டீசல் மிச்சம் என்று ஒரு பழைய நம்பிக்கை ஹெவி டிரைவர்களிடம் உண்டு. இன்ஜினின் பிடி போய்விடும், முழு எடையும் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடேறினால் பிடிக்காது. இத்தனைக்கும் இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போனால்தான் ஐடிலிங்குக்கு எரியும். ஆனாலும் பழக்கம் போகவில்லை. எண்ணுக்காக ஓட்ட ஆரம்பித்தால் அந்த எண் எதற்காக வந்ததோ அது மறந்துபோகும் என்பதற்கு இதுவே போதும்.

அடுத்தது விபத்து. அரசு போக்குவரத்து நிறுவனங்கள் பலவற்றில் விபத்தே இல்லாமல் இத்தனை வருடம் ஓட்டியவர் என்று பதக்கமும் பணமும் கொடுக்கும் வழக்கம் உண்டு. மேடையில் மாலையோடு நிற்கும் அந்த முகங்களைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பதக்கம் எதை அளக்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு 0.1 விபத்து என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண் இது. ஒரு டிரைவர் வருடத்துக்கு 75,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார், பத்து வருடத்தில் ஏழரை லட்சம். எதிர்பார்க்கும் விபத்து 0.75. பொறியியல் கல்லூரியில் படித்த பாய்சான் சூத்திரத்தில் போட்டால், திறமையில் சராசரியான ஒரு டிரைவர் பத்து வருடமும் விபத்தில்லாமல் முடிக்கும் வாய்ப்பு 47 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட பூவா தலையா. சரி, சராசரியைவிட இரண்டு மடங்கு மோசமாக ஓட்டுபவர்? அவருக்கும் 22 சதவீதம் வாய்ப்பு. அப்படி ஐந்து பேர் இருந்தால் ஒருவர் பத்து வருடம் கழித்து மேடையேறி மாலை வாங்குவார். சராசரியாக ஓட்டும் இன்னொருவர், குடித்துவிட்டு ராங் சைடில் வந்த பைக்காரனால் அந்த மாலையை இழப்பார்.

விபத்து அவ்வளவு அபூர்வமான விஷயம், ஒரு தனி மனிதரின் கணக்கில். மாநிலக் கணக்கில் அது அபூர்வமே இல்லை. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். மாநிலத்துக்கு வெள்ளம், ஒரு டிரைவருக்குத் துளி. அந்தத் துளியை வைத்து ஒருவரை எடைபோட முடியாது என்பதால்தான் விபத்துக்கு முந்தைய சின்னச் சின்ன விஷயங்களைத் தேடிப் போனார்கள். 1931-லேயே அமெரிக்காவில் ஹைன்ரிச் என்பவர் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு பெரிய விபத்துக்குக் கீழே 29 சின்னக் காயங்கள், அதற்கும் கீழே காயமே இல்லாத 300 சம்பவங்கள். அந்த விகிதத்தைப் பின்னாள் ஆய்வாளர்கள் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் 'அந்த 300-ஐ எண்ணு' என்ற யோசனை மட்டும் பிழைத்துக்கொண்டது. கருப்புப் பெட்டி எண்ணுவது அதைத்தான்.

*

இந்தியாவில் அந்தப் பெட்டி முதலில் வேறு காரணத்துக்காக வந்தது. 2012 டெல்லி பேருந்துக் கொடுமைக்குப் பிறகு பெண்களின் பாதுகாப்புக்காக யோசிக்கப்பட்டது. 2016-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும் என்றானது. 'ஏஐஎஸ் 140' என்று தொழிலில் சொல்வோம். இருப்பிடம் வந்துவிட்டால் வேகம் தானாக வந்துவிடும். வேகம் வந்துவிட்டால் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைந்தது என்பதும் வந்துவிடும். அங்கிருந்து 'டிரைவர் ஸ்கோர்' ஒரு எட்டு தூரம்.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு எல்லை வைத்துக்கொள்வார்கள். உதாரணமாக ஒரே நொடியில் வேகம் 10 கிலோமீட்டருக்கு மேல் குறைந்தால் 'கடும் பிரேக்'. அந்த மாதிரி ஒன்று நடந்தால் ஒரு மார்க் கழியும். வேகமாக வளைத்தால் ஒன்று, எகிறிக் கிளம்பினால் ஒன்று. மாதக் கடைசியில் நூற்றுக்கு இவ்வளவு. கேட்கச் சுலபம். உள்ளே போனால் நெளிவுகள். கருவி பத்து நொடிக்கு ஒருமுறைதான் தகவல் அனுப்புகிறது என்றால், இரண்டு நொடியில் முடிந்துபோன பிரேக் பாதி நேரம் கண்ணிலேயே படாது. உள்ளே அதிர்வை அளக்கும் சென்சார் இருந்தால் வேகத்தடையில் ஏறி இறங்கியதையும் கோபமாக ஓட்டியதாக எண்ணிக்கொள்ளும். பெட்டியை எங்கே ஸ்க்ரூ போட்டார்கள் என்பதைப் பொறுத்துக்கூட மார்க் மாறும்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடிய விஷயங்கள். சரிசெய்தோம். சரிசெய்ய முடியாத ஒன்று இருந்தது: பிரேக் மிதித்தது தெரியும், ஏன் மிதித்தார் என்பது தெரியாது.

இந்தக் கருவியை நான் எதிர்க்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் மகளிர் இலவசப் பயணம் வந்ததிலிருந்து எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்கள் கூட்டம் அதிகம். ஆரணிக்கு நூல் வாங்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டிகள், இடுப்பில் பிள்ளையோடு நிற்பவர்கள். எதிலும் மோதாமலேயே ஒரு பஸ்ஸுக்குள் ஆள் அடிபட முடியும். ஒரே ஒரு கெட்ட பிரேக் போதும், கம்பியை விட்ட கை நெற்றியைக் கம்பியில் கொண்டுபோய் இடிக்கும். போலீஸ் கணக்கில் அது விபத்தே இல்லை. அந்தப் பெட்டி மட்டும்தான் அதற்குச் சாட்சி. அதனால் எண்ணுவது வேண்டும்.

ஆனால் அதே பஸ்ஸில், ஏறிய பாட்டி சீட்டைப் பிடித்து உட்காரும்வரை கிளட்சை விடாமல் காத்திருக்கும் டிரைவர் ஒருவர் இருப்பார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். "ஏறி ஒக்காரு ஆயா, அவசரமில்ல" என்பார். பாதுகாப்பான பழக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அந்த எட்டு நொடியை எந்தப் பெட்டியும் நல்ல மார்க்காக எழுதுவதில்லை. எழுதினால் ஒரு இடத்தில்தான் எழுதும்: தாமதம்.

*

வெளிமாநிலத்தில் ஒரு நகரம், பெயர் வேண்டாம். அங்கே அரசு பஸ்களுக்கு எங்கள் மென்பொருள் ஓடியது. மாதம் ஒருமுறை எல்லா டிரைவர்களையும் மார்க் வரிசையில் அடுக்கி ஒரு தாள் போகும். கடைசிப் பத்து பேருக்கு ஊக்கத்தொகை கிடையாது. தொடர்ந்து மூன்று மாதம் கடைசியில் இருந்தால் விசாரணை. நிறைய பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஊக்கத்தொகை என்பது அவர்களுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ்.

மூன்று மாதமும் கடைசியில் ஒரே பெயர் வந்தது. ஐம்பது வயது தாண்டியவர். அவர் ரூட்டை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். சந்தை, வரிசையாகப் பள்ளிக்கூடங்கள், ஒரு ரயில்வே கேட். முதலிடத்தில் இருந்தவர் ரூட் ஊருக்கு வெளியே போகும் பைபாஸ். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்து, கீரைக்கட்டு குண்டுமணியைவிட கனம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது அந்தத் தாள். ஒரே ரூட்டில் ஓட்டுபவர்களோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ரூட்டில் ஓட்டும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவருடைய பிரேக் குறைவாகவே இருந்தது. எங்களிடம் பேசிய அதிகாரி கெட்டவர் இல்லை. "எனக்கு மேலே இருப்பவர்கள் பெயர் கேட்கிறார்கள். ரூட்டைக் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா?" என்றார்.

எனக்கு உடனே அப்பா ஞாபகம்தான் வந்தது.

தேவிகாபுரத்தில் பெரியநாயகி அம்மன் கோயில் கோபுரத்தைத் தாண்டி தெருக்களுக்குள் போனால் காலையில் பாவு நீட்டியிருப்பார்கள். பட்டு இழைகள் தெரு நீளத்துக்கும் நிற்கும். அறுந்த இழையைத் தேடித் தேடி முடிச்சுப் போடுவார்கள். புடவை முடிந்ததும் அப்பா அதை மடித்துத் துணியில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுப்பார். அங்கே அதை விரித்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். இழை விட்டிருக்கிறதா, பிசிறு இருக்கிறதா, பேட்டு ஒரே சீராக விழுந்திருக்கிறதா. குறை இருந்தால் கூலியில் பிடித்தம். குறையைப் பார்ப்பதில் அப்பாவுக்கு மனத்தாங்கல் இல்லை. அவரே முதலில் காட்டுவார். அவருடைய ஒரே சண்டை: "நூல் குத்தமா, கை குத்தமான்னு பாக்க மாட்டேன்றாங்க. பாவே சொத்தையா குடுத்துட்டு, அறுந்ததுக்கு என்கிட்ட புடிச்சா எப்டி?"

நூல் கொடுத்தவரும் முதலாளிதான், பிடித்தம் போடுபவரும் முதலாளிதான். அதனால் அந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

பஸ்ஸிலும் அப்படித்தான். ரூட்டைப் போடுவது, டைமிங் போடுவது, டூட்டி போடுவது, பழைய வண்டியைக் கொடுப்பது எல்லாம் மேலே. அவை எல்லாம் சேர்ந்து டிரைவரின் வலது காலில் வந்து இறங்குகின்றன. பெட்டி எண்ணுவது அந்தக் காலை மட்டும்.

*

இதற்கு ஒரு வழி இருக்கிறது, அது கற்பனையும் இல்லை. அதே தரவில் டிரைவர் பெயர் இருக்கும் கட்டத்தை மறைத்துவிட்டு, பிரேக் விழுந்த இடங்களை மட்டும் வரைபடத்தில் புள்ளியாக வைத்தால் போதும். அந்த நகரத்துக்கு அதைச் செய்து பார்த்தபோது புள்ளிகள் ஊர் முழுக்கச் சிதறவில்லை. கொத்துக் கொத்தாகச் சில இடங்களில் குவிந்தன. யார் ஓட்டினாலும் அங்கே பிரேக் விழுகிறது. ஒரு வளைவில் விளம்பரப் பலகை மறைக்கிறது. ஒரு பள்ளி வாசலுக்கு எதிரே நிறுத்தம் இருக்கிறது, கடக்கக் கோடு இல்லை. இது நூல் குற்றம்.

நாக்பூரில் இதை முறையாகவே தொடங்கினார்கள். 2021-இல் நாக்பூர் மாநகராட்சி, இன்டெல், ஹைதராபாத் ஐஐஐடி-யின் 'ஐனை' மையம், மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், மஹிந்திரா எல்லாம் சேர்ந்து 'ஐராஸ்தே' என்ற திட்டத்தை ஆரம்பித்தார்கள். நகரப் பேருந்துகளின் முன்கண்ணாடியில் கேமரா. முன்னால் போகும் வண்டியை நெருங்கினாலோ குறுக்கே ஆள் வந்தாலோ டிரைவருக்கு அந்த நொடியே எச்சரிக்கை. பிறகு தெலங்கானா அரசு பஸ்களுக்கும் போனது. எனக்கு அதில் பிடித்தது எச்சரிக்கைச் சத்தம் இல்லை. அந்த எச்சரிக்கைகள் எங்கே அடிக்கடி எழுகின்றன என்று பார்த்து 'சாம்பல் புள்ளிகள்' குறிக்கிறார்கள். நம் நாட்டு தேசிய நெடுஞ்சாலையில் ஒரு இடம் 'கரும்புள்ளி' ஆக வேண்டுமென்றால், 500 மீட்டருக்குள் மூன்று வருடத்தில் உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள ஐந்து விபத்துகள், இல்லையென்றால் பத்து சாவு நடந்திருக்க வேண்டும். அதாவது ஆள் செத்த பிறகுதான் அந்த இடத்துக்குப் பெயர் கிடைக்கும். சாம்பல் புள்ளி என்பது அதற்கு முன்னாலேயே டிரைவர்களின் கால்கள் கொடுத்த புகார். அப்படிப் பார்த்தால் கடைசி இடத்தில் இருந்த அந்தப் பெரியவர் அந்த ஊரின் மிகச் சிறந்த சாலை ஆய்வாளர்.

இன்னொரு நூல், தூக்கம். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த வரம்பு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நீண்ட தூரத்துக்கும் திருவிழாக் காலத்துக்கும் அனுமதியோடு 10 மணி, 54 மணி வரை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை கூடாது, நடுவே அரை மணியாவது விட வேண்டும். திருவண்ணாமலை பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு 'திருவிழாக் காலம்' என்பது வருடத்துக்கு ஒருமுறை வருவது இல்லை. மாதாமாதம் பௌர்ணமி வரும், கிரிவலம் வரும், கார்த்திகை தீபத்துக்கு ஊரே வரும். விடிய விடிய சிறப்புப் பஸ் ஓடும். இப்போது டிரைவர் கண் சொருகினால் கத்தும் கேமராக்கள் வந்துவிட்டன. விடியற்காலை மூன்று மணிக்கு அது கத்துவது நல்லதுதான். ஆனால் அந்தக் கத்தல் டூட்டி சார்ட் போடுபவர் மேசையிலும் ஒலிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் நெடுந்தூர லாரிகளிலும் பஸ்களிலும் 'டேகோகிராஃப்' என்ற கருவி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அது முதன்மையாக எண்ணுவது நேரத்தை. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை. 2006-ஆம் வருட விதி இன்னும் ஒரு படி போகிறது: டிரைவர் நேரம் மீறினால் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். வேகமாகவும் தூரமாகவும் ஓட்டத் தூண்டும்படி பாதுகாப்புக்குக் கேடாகச் சம்பளம் போடவும் கூடாது. கலெக்ஷனுக்காகத் தனியார் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் ஒரே நிறுத்தத்துக்கு முண்டியடிக்கும் ரோட்டில் வளர்ந்த எனக்கு, அந்த ஒரு வரி ஆயிரம் சென்சார்களுக்குச் சமமாகத் தெரிந்தது.

மாமாவிடம் இதையெல்லாம் ஒருநாள் விளக்கினேன். பெட்டி, மார்க், வரைபடம் எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மார்க்க டிரைவருக்கு எப்பக் காட்டுவீங்க?" என்றார். மாதக் கடைசியில் என்றேன். "அன்னன்னிக்கு சாயந்திரம் அவன்கிட்ட மட்டும் காட்டுங்கடா. இன்னிக்கு எங்க மிதிச்சோம்னு அவனுக்கே தெரியும். ஏன் மிதிச்சோம்னும் அவன்தான் சொல்லுவான். மேல இருக்கறவனுக்கு முதல்ல காட்டுனா, அடுத்த நாள்லருந்து அவன் ரோட்டப் பாக்க மாட்டான். பெட்டியத்தான் பாப்பான்."

அளவீடு எதற்காக என்பதைவிட யார் கைக்கு முதலில் போகிறது என்பது முக்கியம். டிரைவர் கைக்கு முதலில் போனால் அது கண்ணாடி. தண்டிப்பவர் கைக்கு முதலில் போனால் டிரைவர் அதை ஏமாற்றக் கற்றுக்கொள்வார், மலை இறக்கத்தில் நியூட்ரல் போட்ட மாதிரி. அல்லது அதைவிட ஆபத்தாக, ஆடு குறுக்கே வரும்போது பிரேக்கை மிதிக்க அரை நொடி யோசிப்பார்.

ஒவ்வொரு ஜனவரியிலும் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். விபத்தில்லாமல் ஓட்டியவர்களைப் பாராட்டுகிறார்கள், அது தொடரட்டும். அதே டிப்போ சுவரில், கேஎம்பிஎல் எழுதும் போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டினால் போதும். இந்த மாதம் அதிகம் பிரேக் விழுந்த பத்து இடங்கள், எந்த டைமிங்கில், எத்தனை மணி நேர டூட்டிக்குப் பிறகு. ஆள் பெயர் வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம், அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் என்ன செய்தார் என்று எழுதுவதற்கு. அடுத்த மாதமும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், யாருடைய ஊக்கத்தொகையைப் பிடிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.